கப்பல் எப்போது வரும், மகன்?

நான் கற்பிக்கும் அரபுக் கல்லூரியில் முஸாபிருடைய தொழுகை என்றொரு பாடம் இருக்கிறது. பிரயாணி எவ்வளவு தூரம் சென்றால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம், ஓரிடத்தில் எத்தனை நாட்கள் தங்கினால் அந்தச் சலுகை நீங்கிவிடும் என்பதெல்லாம் அதில் வரும். அதன் நடுவே சிறியதொரு சட்டமும் வரும். ஓர் ஊரில் ஒருவன் தங்கியிருக்கிறான். அவனுடைய காரியம் இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும் என்று பார்த்துக் கொண்டேயிருக்கிறான். முடிந்த அந்தக் கணமே புறப்பட்டு விடுவான். இன்ன திகதியில்தான் போவேன் என்று அவனால் நிய்யத் வைக்க முடியாது. இப்படிப்பட்டவன் ஷாபிஈ மத்ஹபின்படி பதினெட்டு நாட்கள் வரை சுருக்கித் தொழலாம். கப்பல் புறப்படக் காற்றுக்காகக் காத்திருப்பவர்களை இதற்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம்.

இந்த இடம் வந்ததும் மாணவர்கள் சிரிப்பார்கள். "இந்தக் காலத்தில் யார் உஸ்தாத் காற்றுக்குக் காத்திருக்கிறார்கள்?" என்று ஒருவராவது கேட்பார். நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பல வருடங்களாக அப்படித்தான் புரட்டி வந்தேன். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த ஆள் நான்தான் ஆனேன். என் கூட எழுபத்திரண்டு வயதான என் உம்மாவும் இருந்தார்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் சகோதரிகளுக்கு விளங்கும்.

என் உம்மாவுக்கு ஒரேயொரு ராத்தா. எனக்குப் பெரியம்மா. அவரை மணமுடித்தவர் நாகூர்க்காரர். யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவில் புடவைக் கடை வைத்திருந்தார். எங்கள் வீடும் அவர்கள் வீடும் சோனகத் தெருவில் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். 1982இல் பெரியப்பா கடையை விற்றுவிட்டுத் தன் ஊருக்கே திரும்ப முடிவு செய்தார். வழியனுப்பப் போன உம்மாவின் இடுப்பில் நான் இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தேனாம். யாழ்ப்பாணத்திலிருந்து மதவாச்சி வரை வந்து, அங்கே ரயில் மாறித் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கப்பல் பாதையைப் பற்றி இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. 'போட் மெயில்' என்பார்கள். கொழும்பில் ரயிலேறியவர் இடையில் ஒரு சிறு கடல் தூரம் மட்டும் கப்பலில் போய், அந்தக் கரையில் மறுபடி ரயிலேறிச் சென்னை போய்ச் சேருவார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டுப் போன பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. எண்பதுகளின் நடுவில் யுத்தம் அதையும் நிறுத்திவிட்டது. எங்கள் பெரியம்மா போனது அந்தப் பாதையின் கடைசிக் காலத்தில்தான்.

"அடுத்த வருஷம் பள்ளி லீவுக்கு வாறன் எண்டு சொல்லித்தான் போனா" என்று உம்மா சொல்வார்.

அடுத்த வருடம் 1983. அதற்குப் பிறகு நடந்தவற்றை இந்தப் பத்திரிகை வாசிக்கும் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினோம். எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில், பிறகு கல் வீடு, வாப்பாவின் மௌத், என் ஓதல், என் திருமணம் என்று காலம் போய்விட்டது. சகோதரிகள் இருவருக்கும் இடையில் முதலில் கடிதம் இருந்தது. பிறகு தொலைபேசி. கடைசியாக வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினார்கள். நேரில் மட்டும் சந்திக்கவில்லை. 2011 ஜூனில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் பெரியதொரு பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது உம்மாவுக்கு ஆசை வந்தது. எங்கள் வீட்டுக் கூரை வேலை முடியட்டும் என்றேன். கூரை முடிவதற்குள், அந்த வருடமே அந்தக் கப்பல் நின்றுபோயிற்று.

2023 ஜனவரியில் பெரியம்மாவின் மகன் நாகூரிலிருந்து அழைத்தார். எனக்கு அவர் நானா முறை.

"தம்பி, உம்மாவுக்கு எழுபத்தேழு ஆச்சு. சாச்சியைக் கூட்டிக்கிட்டு வாங்க. கொழும்புலேர்ந்து திருச்சிக்கு பிளேன்ல வந்துட்டா, அங்கேர்ந்து நான் கார்ல கூட்டிட்டு வந்துர்றேன். டிக்கெட்ல பாதி நான் தர்றேன்" என்றார்.

நான் உடனே சம்மதிக்கவில்லை. 2022இல் நாடு விழுந்த விழுகையில் விமானச் சீட்டின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மௌலவியின் சம்பளத்தில் இரண்டு டிக்கெட் சாதாரணமல்ல. அதில் பாதியை இன்னொருவரிடம் வாங்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. இதை நானாவிடம் சொல்வதற்குப் பதிலாக, "உம்மாவுக்குக் கப்பலில் வரத்தான் விருப்பம், நானா. காங்கேசன்துறையிலிருந்து கப்பல் விடப் போகிறார்கள். அதில் வருகிறோம்" என்றேன். உம்மாவுக்குக் கப்பல் விருப்பம் என்பது பொய்யல்ல. "ராத்தா கப்பலில போனா, நானும் கப்பலிலதான் போகவேணும்" என்று அவர் சொல்லிக் கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்தின் பின்னால் நான் என் பணப்பையை மறைத்து வைத்திருந்தேன்.

செய்தியும் எனக்குத் துணையாக வந்தது. 2023 ஏப்ரல் கடைசியில் காரைக்காலிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஆரம்பம் என்று பத்திரிகைகளில் திகதியோடு வந்தது. காரைக்காலிலிருந்து நாகூர் கொஞ்ச தூரம்தான். உம்மா கலண்டரில் அந்தத் திகதியைப் பேனையால் சுற்றி வைத்தார். ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. கப்பல் வரவில்லை.

ஜூன் மாதத்தில் வந்தது வேறொரு கப்பல். சென்னையிலிருந்து புறப்பட்டு ஹம்பாந்தோட்டை, திருகோணமலை என்று சுற்றி வரும் உல்லாசப் பயணக் கப்பல். ஜூன் 16ஆம் திகதி அது காங்கேசன்துறைக்கு வந்தது. அங்கே புதிய பயணிகள் கட்டடமும் அன்றுதான் திறக்கப்பட்டது. நான் உம்மாவுக்குப் பத்திரிகைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைச் சரி செய்து கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கப்பல் வந்திட்டுது. எங்கட சின்னக் கப்பலுக்கு என்ன மகன் வருத்தம்?"

நல்ல கேள்வி. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. உல்லாசக் கப்பலில் வருகிறவர் கப்பலிலேயே தூங்குகிறார், கப்பலிலேயே சாப்பிடுகிறார். ஒரு துறைமுகம் ஆயத்தமாக இல்லையென்றால் அவருக்கு ஒரு நாள் சுற்றுலாதான் குறையும். கரைக்குக் கரை போகிற எங்களைப் போன்றவர்களுக்கோ இரண்டு பக்கமும் எல்லாம் ஆயத்தமாக இருந்தால்தான் பயணமே உண்டு. இதைப் பின்னர் காத்திருந்த நாட்களில், விபரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் விளங்கிக் கொண்டேன்.

துறைமுகம் என்றால் கப்பலைக் கட்டி வைக்கும் ஒரு மேடை என்றுதான் நாம் நினைக்கிறோம். மேடை கடைசி வேலை. முதலில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அணை வேண்டும். காங்கேசன்துறை திறந்த வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது அணை பழுதாக இருந்தால் உள்ளே கட்டிய கப்பலும் ஆடும். அடுத்தது ஆழம். மணல் வந்து நிரம்பிக் கொண்டேயிருக்கும். தோண்டிக் கொண்டேயிருக்க வேண்டும். சீமெந்துத் தொழிற்சாலைக்காக ஒரு காலம் சுறுசுறுப்பாக இருந்த அந்தத் துறைமுகம் யுத்த காலத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. மூழ்கிய கப்பல்களின் உடல்கள் அடியில் கிடந்தன. யுத்தம் முடிந்த பின் இந்தியாவின் உதவியோடுதான் அவற்றை அகற்றினார்கள். துறைமுகத்தைத் திருத்துவதற்கு 2018இல் 45.27 மில்லியன் டொலர் கடனுக்கு இந்தியாவோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்த வேலை நகரவேயில்லை. 2024இல் 61.5 மில்லியன் டொலர் நன்கொடையாகவே தருவதாக இந்தியா சொல்லியது. கடன், நன்கொடையாக மாறுவதற்கு ஆறு வருடங்கள். அந்த ஆறு வருடங்களும் உம்மாவுக்கு அறுபத்தாறு வயதிலிருந்து எழுபத்திரண்டு வயது வரை.

கல்லும் மணலும் முடிந்தாலும் கதை முடியாது. குடிவரவு மேசை வேண்டும், சுங்கம் வேண்டும், பொதியைச் சோதிக்கும் கருவி வேண்டும். இவை இரண்டு நாட்டிலும் வேண்டும். ஓடுவதற்குக் கப்பலும் வேண்டும். அந்தக் கப்பலுக்கு உரிமப் பத்திரங்களும் வேண்டும். பத்துக் கதவுகளில் ஒன்பது திறந்திருந்தாலும் பிரயாணி உள்ளே போக முடியாது. பத்திரிகையில் திகதி போடுகிறவர்கள் திறந்த ஒன்பதைத்தான் எண்ணுகிறார்கள்.

அந்த வருடம் ஒக்டோபரில் ஒருவாறு கப்பல் வந்தது. 10ஆம் திகதி என்றார்கள், பிறகு 12 என்றார்கள், 14ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து ஐம்பது பேரோடு வந்து சேர்ந்தது. 150 பேர் அமரக்கூடியது. வரியோடு ஒரு வழிக்கு 7,670 இந்திய ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். அதுவும் எனக்குக் கையைக் கடித்தது, ஆனாலும் கடனை வாங்கிச் சமாளித்துவிடலாம். உம்மாவின் கடவுச்சீட்டு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. விசாவுக்குப் போட்டிருந்தோம். விசா கிடைத்த அன்று மாலை ஒரு கிலோ மஸ்கட் வாங்கிக் கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"கப்பலை நிறுத்திட்டாங்களாம்" என்றாள்.

ஒக்டோபர் 20ஆம் திகதியோடு, மழைக்காலம் வருகிறது என்று சேவையை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழமை கூடச் சரியாக ஓடவில்லை. மஸ்கட்டைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். கடலைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கடல் எப்படியிருக்கும் என்பது வடக்கில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைத்தான் நானும் கணக்கில் எடுக்காமல் இருந்தேன்.

அந்த மாரிகாலத்தில்தான் பெரியம்மாவின் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. "கப்பல் எப்ப?" என்று கேட்பார். உம்மா பதில் சொல்வார். இரண்டு நிமிடம் கழித்து, "கப்பல் எப்ப?" என்று மறுபடி கேட்பார். ஆசையில் கேட்கிறார் என்று உம்மா சிரித்தார். 2024 ஜனவரியில் ஒரு நாள், "வாப்பா கடையால வந்திட்டாரோ?" என்று பெரியம்மா கேட்டார். அவர் கேட்டது 1974இல் மௌத்தான எங்கள் உம்மாவின் வாப்பாவை. உம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அன்றிரவு நானாவிடம் தனியாகப் பேசினேன். மறதி நோய் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். "இப்ப வந்தாலும் உம்மாவுக்குத் தெரியும் தம்பி. நேரம் எடுக்கும், ஆனா தெரியும்" என்றார். அப்போதாவது நான் விமான டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். நோன்பு வருகிறது, அது முடிந்தால் கப்பலும் வந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதைவிட, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது என்று சொல்வதுதான் நேர்மை.

மே 13ஆம் திகதி கப்பல் தொடங்கும் என்று அறிவித்தார்கள். பதிவு செய்தோம். நான் அதிபரிடம் பத்து நாள் விடுமுறை கேட்டேன். உம்மா ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த சாமான்களைக் கட்டினார். மாசிக் கருவாடு, தேயிலை, பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல். "ராத்தாவுக்குப் புழுக்கொடியல் கடிக்கப் பல்லிருக்கா?" என்று என் மனைவி கேட்டதற்கு, "வாயில போட்டு ஊறவிட்டா மணம் வருந்தானே" என்றார்.

மே 11ஆம் திகதி புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போய், வாப்பாவின் சொந்தக்காரர் ஒருவருடைய வீட்டில் தங்கினோம். யுத்தம் முடிந்ததும் மீளக் குடியேறிய குடும்பம். வீடு சோனகத் தெருவில்தான். எங்கள் வளவு அதற்கு நாலு வீடு தள்ளி. இரண்டு சுவர்களும் ஒரு கிணறும் மிச்சம் இருக்கின்றன.

12ஆம் திகதி மாலை தொலைபேசியில் செய்தி வந்தது. கப்பல் 13 அல்ல, 17. சரி, நாலு நாள்தானே என்றோம். பிறகு 17 அல்ல, 19 என்றார்கள். அனுமதிப் பத்திரம் முடியவில்லை என்றார்கள் சிலர். கப்பலே இன்னும் நாகப்பட்டினத்துக்கு வந்து சேரவில்லை என்றார்கள் சிலர். 19ஆம் திகதியும் இல்லை, இனித் திகதி சொல்வதற்கில்லை என்று கடைசியாக வந்தது. சகோதரிகளே, நாளைக்கு வரும் என்று சொல்லி வராமல் போவதைவிட, இந்த மாதம் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மனிதன் எவ்வளவோ நிம்மதியாக இருப்பான். நாங்கள் மட்டுமல்ல. அதே தெருவில் இன்னொரு குடும்பம் மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க நாகப்பட்டினம் போகக் காத்திருந்தது. பெண்ணின் தாய் ஒவ்வொரு நாளும் வந்து என்னிடம், "மௌலவி, ஏதும் செய்தி உண்டா?" என்று கேட்பார். எனக்கு என்ன செய்தி தெரியும்? அவர்கள் மூன்றாம் நாளே கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் புத்திசாலிகள்.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். முதல் நாள் லுஹரை நான் இரண்டு ரக்அத்தாகத் தொழுதுவிட்டு, உம்மாவிடமும் சொன்னேன்.

"உம்மா, நாங்க முஸாபிர். கப்பல் இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறோம். நீங்களும் கஸ்ர் செய்யலாம்."

உம்மா முஸல்லாவை விரித்தபடியே என்னைப் பார்த்தார்.

"இந்தத் தெருவிலயா?"

நான் சட்டத்தைச் சொன்னேன். ஒருவர் தன் பழைய ஊரை விட்டு வேறோர் ஊரில் குடியாகிவிட்டால், பிறகு பழைய ஊருக்குத் தங்கும் எண்ணமில்லாமல் வருகிறவர் அங்கே பிரயாணிதான். பிறந்த இடம் என்பதற்காகச் சட்டம் மாறாது. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தாம் பிறந்த மக்காவை வெற்றி கொண்டு அங்கே தங்கியிருந்த நாட்களில் சுருக்கித்தான் தொழுதார்கள். பதினெட்டு நாள் என்ற கணக்கே அங்கிருந்துதான் எடுக்கப்பட்டது. இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன்.

உம்மா முழுவதையும் கேட்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு தக்பீர் கட்டி நாலு ரக்அத் தொழுதார். அந்த எட்டு நாட்களும் ஒரு வக்தைக் கூடச் சுருக்கவில்லை. முழுமையாகத் தொழுவதும் ஆகுமானதுதான், ஆகவே நான் ஒன்றும் பேசவில்லை. நான் மட்டும் பிறந்த தெருப் பள்ளிவாசலில், ஊரார் நாலு தொழும்போது தனியே ஒரு மூலையில் இரண்டு தொழுதுகொண்டிருந்தேன். பாடம் நடத்தும்போது ஒரு நாளும் உறைக்காத சட்டம் அது.

அஸருக்குப் பிறகு உம்மா எங்கள் வளவுக்குப் போவார். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருப்பார். வேலி இருந்த இடத்தை எனக்குக் காட்டினார். "இதில ஒரு பொட்டு இருந்தது. ராத்தா அதால கறிச்சட்டி தருவா." காங்கேசன்துறைக்கும் ஒரு நாள் கூட்டிப் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வெளியே நின்று கடலைப் பார்த்தோம். நாகப்பட்டினம் அங்கிருந்து ஏறத்தாழ 110 கிலோமீற்றர். நாங்கள் புத்தளத்திலிருந்து வந்த தூரத்தைவிடக் குறைவு. அன்று கடல் ஒரு அலையும் இல்லாமல் கிடந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காற்று இல்லாமல் நின்றவர்களுக்காவது வானத்தைப் பார்த்துத் துஆ கேட்டிருக்கலாம்.

20ஆம் திகதி புத்தளத்துக்குத் திரும்பினோம். பனங்கட்டி உருகிக் குட்டானிலிருந்து ஒழுகி உம்மாவின் புது அபாயாவில் பட்டிருந்தது. டிக்கெட் பணம் பிறகு திரும்பி வந்தது.

2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு சேவை தொடங்கியது. இந்த முறை நான் ஓடி முதல் நாளுக்குப் பதியவில்லை. இரண்டு கிழமை அது ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பதிந்தேன். செப்டெம்பரில் போனோம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய நாலு மணித்தியாலம். குளிரூட்டிய அறை, பஸ்ஸில் இருப்பது போன்ற ஆசனங்கள். உம்மா ஜன்னலோரம் இருந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டே வந்தார். ஒரு தடவை மட்டும் திரும்பி, "இதுக்குத்தானா மகன் இவ்வளவு காலம்?" என்றார். நாற்பத்திரண்டு வருடம் நாலு மணித்தியாலத்தில் முடிந்ததை நினைத்து அவர் கேட்டாரா, கப்பலின் அளவைப் பார்த்துக் கேட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நாகப்பட்டினத்தில் நானா நின்றார். நாகூர் அங்கிருந்து பத்து கிலோமீற்றர் கூட இல்லை. 2004 சுனாமியில் கடல் ஏறிய இடங்களை வழியில் காட்டிக்கொண்டு வந்தார். தர்காவின் மினாராக்கள் தூரத்திலேயே தெரிந்தன. நானா தணிந்த குரலில், "உம்மா இப்ப கொஞ்சம் கூடுதலா மறந்துட்டாங்க. சாச்சி மனசு விட்டுறாதீங்க" என்றார்.

பெரியம்மா திண்ணைக்கு உட்புறம் ஒரு நாற்காலியில் இருந்தார். மெலிந்த உடம்பு. வெள்ளைத் துப்பட்டி. உம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடாத குறையாகப் போய், "ராத்தா!" என்று கையைப் பிடித்தார். பெரியம்மா மரியாதையாகச் சிரித்தார். விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

"வாங்க, இருங்க. எங்கேயிருந்து வாறீங்க?"

"யாழ்ப்பாணத்தால, ராத்தா. கப்பலில."

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. உம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தார். நாற்பது வருட நாகூர்ப் பேச்சு கழன்று விழுந்து, சோனகத் தெருப் பேச்சு வந்தது.

"கப்பல் வந்திட்டுதோ? என்ட தங்கச்சியும் அதிலதான் வாறாள். சின்னப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாறாள். நீங்க அவளைக் கண்டீங்களோ?"

இடுப்பில் இருந்த அந்தச் சின்னப் பிள்ளை, தாடி நரைத்து, தலைப்பாகையோடு, மாசிப் பொதியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

உம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்து கொண்டு, "கண்டன். சனம் கூட. மெல்ல இறங்கி வருவா" என்றார். பிறகு பொதியை அவிழ்த்துப் புழுக்கொடியலில் சிறு துண்டொன்றை எடுத்துப் பெரியம்மாவின் வாயில் வைத்தார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு அதை வெகுநேரம் ஊறவைத்தார்.

ஒன்பது நாட்கள் அங்கே இருந்தோம். அந்த ஒன்பது நாட்களில் ஒரு தடவை, ஒரே தடவை, இரவு பெரியம்மா உம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். நான் பக்கத்து அறையில் உறக்கத்தில் இருந்தேன். உம்மா அதைக் காலையில் சொன்னார். உண்மையில் கூப்பிட்டாரா, உம்மா கனவு கண்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் உம்மா தலை வாரிவிட்டார், உணவு ஊட்டினார், தங்கச்சியைப் பற்றிப் பெரியம்மா சொன்ன கதைகளைக் கேட்டுக் கொண்டிருந்தார். "என்னைப் பற்றி இவ்வளவு நல்லதா நினைச்சுக் கொண்டிருந்திருக்கிறா, எனக்குத் தெரியாது" என்றார் ஒரு நாள்.

திரும்புவதற்கு முதல் நாள் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 2023 ஜனவரியில் என் தயக்கம் கப்பலுக்காக அல்ல, பணத்துக்காகவும் என் ரோஷத்துக்காகவும்தான் என்று சொன்னேன். அந்த நேரத்தில் பெரியம்மா தங்கையைக் கண்டிருந்தால் கட்டிப் பிடித்திருப்பார். நானா சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எனக்கும் தனக்கும் தேநீர் கொண்டு வந்தார்.

2024 நவம்பரில் காலநிலையால் கப்பல் மீண்டும் நின்றது. ஜனவரியில் தொடங்கும் என்றார்கள். அது பெப்ரவரி 12 ஆயிற்று. கடைசியில் 2025 பெப்ரவரி 22ஆம் திகதி ஓடியது. நான் அந்தத் திகதிகளைக் கலண்டரில் குறிக்கவில்லை. ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் ஒரு தொகையை என் மனைவியிடம் கொடுத்து வைத்து, கொழும்பிலிருந்து திருச்சிக்கு இரண்டு விமான டிக்கெட் எடுத்தேன். உம்மாவிடம் அவற்றைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"பிளேனில போறது நல்லம்தான் மகன். கெதியா போய்ச் சேரலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ராத்தாவிட்ட நான் கப்பலில வந்ததெண்டுதான் சொல்லுவன். அவ கப்பலைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறா" என்றார்.

மௌலவியான மகன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.